கடலில் கலந்த எங்கள் வீட்டுத் தாமிரம்

கடல் நீரை நான் முதன்முதலில் ருசி பார்த்தது ஸ்ரீரங்கத்தில். கடற்கரையில் கால் நனைப்பதற்குச் சில வருஷம் முன்பே, பெரியப்பாவின் பெருமாள் அறையில், உள்ளங்கையைக் குழித்துத் தீர்த்தமாக வாங்கிக் குடித்திருக்கிறேன். உப்புக் கரித்தது, கொஞ்சம் புளிக்கவும் செய்தது. அந்தப் புளிப்புக்குப் பெயர் நைட்ரிக் அமிலம் என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்றைக்கு என் வயிற்றைச் சோதிக்கும் டாக்டர்கள் காபி, கவலை என்று என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். இதை மட்டும் நான் அவர்களிடம் சொல்வதில்லை.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடல் நீரிலும் கடலில் வாழும் பிராணிகளிலும் ஈயம், பாதரசம், தாமிரமெல்லாம் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அளப்பது அவள் வேலை. சமுத்திரமே இல்லாத ஊரில் உட்கார்ந்து சமுத்திரத்தை ஆராய்வானேன் என்று பெரியப்பா கேட்பார். அளக்கிற மெஷின் இங்கேதான் இருக்கிறது என்பாள் அத்தை. மெஷினைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போக முடியாது, கடலைத்தான் கேனில் கொண்டுவர வேண்டும்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆலை வந்திருந்தது. கடல் கெட்டுவிட்டது என்று பேச்சு கிளம்பி, அந்தக் குப்பத்து மீன் என்றாலே சந்தையில் ஆட்கள் நகர்ந்து போனார்கள். கழிமுகச் சேற்றில் மட்டிச் சிப்பிகளைத் தோண்டி அத்தைக்குக் கொடுத்த மீன்காரம்மா ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"மத்ததெல்லாம் எனக்கு வேணாம் படிச்ச புள்ள. எங்க மீன எம் புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா கூடாதா, அத மட்டும் வந்து சொல்லிட்டுப் போ."

அத்தை வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டுவிட்டாள். பட்டத்தைக்கூட மறந்திருப்பாள், அந்த அம்மாளை மறக்கவில்லை. வீட்டில் யாராவது எதற்காவது மீன் என்று வாயெடுத்தால்கூடத் திரும்பிப் பார்ப்பாள்.

தண்ணீரும் சிப்பியும் எடுத்த அன்றைக்குத் தை அமாவாசை. பஸ் பிடித்துத் திருச்சி வந்து சேர்ந்தபோது கல்லூரியைப் பூட்டிவிட்டார்கள். சிப்பிகளைப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சிநேகிதி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். அங்கே அவற்றை யாரும் குழம்பு வைத்துவிடவில்லை என்பதை ரயில்வேக்காரர்களின் ஒழுங்குக்குச் சான்றாக இன்றும் சொல்வேன். சிப்பிக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்ட அனுமதி கிடையாது. தண்ணீருக்கு உண்டு. அது பிளாஸ்டிக் கேனோடு எங்கள் சமையல்கட்டு மூலையில் வந்து உட்கார்ந்தது. யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை தூங்கப் போனாள்.

பெரியப்பா அந்த 'யாரும்' என்பதில் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சாதாரண நாளில் கடலைத் தொடவே கூடாது என்பார். அமாவாசையன்று மொண்ட சமுத்திர ஜலமோ பரம பவித்திரம். அதைப் போய் பிளாஸ்டிக்கில் அடைத்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தாமிரச் சொம்பில் ஊற்றிப் பெருமாள் முன்னால் வைத்துவிட்டார். காலையில் தான் ஓர் உத்தரணிக் கரண்டி சாப்பிட்டு, எனக்கும் ஓர் உத்தரணி கொடுத்தார். பிறகு, பிறத்தியார் பொருளில் கைவைக்காத மனிதராகையால், மிச்சத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்பக் கேனிலேயே ஊற்றினார். சொம்பின் உட்புறம் புளியே போடாமல் தங்கமாக மின்னியது. சமுத்திர ராஜனின் மகிமை என்று அதை எனக்குக் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மெஷின் மிரண்டுபோனது. அந்தத் தண்ணீரில் இருந்த தாமிரம் கடலில் இருக்கவேண்டிய தாமிரமே அல்ல. அத்தையின் கைடு ஒரு பேராசிரியர். இது பேப்பரில் வரவேண்டிய விஷயம் என்று சந்தோஷப்பட்டார். என் சந்தோஷமும் குறைந்ததல்ல. எங்கள் அத்தை கடலில் விஷம் கண்டுபிடித்துவிட்டாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அத்தைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அதே இடத்துச் சிப்பியில் தாமிரம் எப்போதும் போலத்தான் இருந்தது. மட்டி ராப்பகலாகக் கடல் நீரை வடிகட்டியே பிழைக்கிற ஜீவன். கடலில் விஷம் இருந்தால் அதன் உடம்பில் சேராமல் போகாது. தண்ணீர் கூச்சல் போடுகிறது, சிப்பி வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது என்று சாப்பாட்டின்போது புலம்பினாள்.

"தாமிரம் இல்லாம எப்படி இருக்கும்?" என்றார் பெரியப்பா, மோரை விட்டுக்கொண்டே. "ராத்திரி பூரா தாமிரச் சொம்புலன்னா இருந்தது."

அத்தையின் கை இலையிலேயே நின்றது.

"எது அண்ணா?"

"உன் சமுத்திரம்தான். கார்த்தால பத்திரமா திருப்பி விட்டுட்டேனே."

"குடிச்சேளா?"

"ஒரு உத்தரணி. கொழந்தைக்கும் சாதிச்சேன்."

அளக்கப்போகும் தண்ணீர் கெடாமலிருக்க அத்தை அதில் கொஞ்சம் அமிலம் விட்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்து முடித்துக் கொஞ்சம் அழுதாள். அவ்வளவு கெட்டிக்கார அமிலம் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து ராத்திரி முழுக்கச் சொம்பைத் தின்றிருக்கிறது. பெரியப்பா அதற்கப்புறம் மோர் சாதத்தைத் தொடவில்லை.

மறுநாள் கைடிடம் போய், அது கடலுடைய தாமிரம் இல்லை, எங்கள் வீட்டுடையது என்று சொல்லிவிட்டாள். அவருக்கு ஆத்திரம். மெஷின் பொய் சொல்லாது, சொம்புக் கதையை எந்தப் புஸ்தகத்தில் போடுவது என்று கேட்டாராம். அந்த எண்ணைப் போட்டால் குப்பத்து மீனை நாய்கூட முகராது என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். சரி, மறுபடி தண்ணீர் எடுத்து வா, இதுதான் கடைசித் தடவை என்று அனுப்பினார்.

இந்தத் தடவை பெரியப்பா கூடப் போனார். யாரும் அழைக்கவில்லை. தண்ணீரில் எந்த உலோகமும் படக் கூடாதென்று மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மூக்கில் துண்டோடு, பஞ்சகச்சத்தோடு குப்பத்தில் இறங்கியவர், திரும்பும் வழி முழுக்கக் கேனைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னதற்குச் சண்டைக்கே போய்விட்டாராம். கேன் நேரே கல்லூரிக்குப் போனது. ஸ்ரீரங்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எண்கள் வந்தன. தாமிரம், பாதரசம், ஈயம் எல்லாம் பயமில்லாத அளவு. குப்பத்தில் வாங்கிச் சோதித்த மீனிலும் அப்படியே. ஆலை இருக்கும்வரை வருஷா வருஷம் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் இன்றைய தேதிக்குக் கடல் நன்றாகவே இருக்கிறது என்றாள் அத்தை. எனக்கு அவமானமாக இருந்தது. வகுப்பில் என்ன சொல்வேன்? ஒன்றுமில்லை என்று கண்டுபிடிக்கவா இவ்வளவு படிப்பு? அதைவிட, ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக மறுநாள் விடிந்ததும் அவள் நாகப்பட்டினம் பஸ் ஏறியதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் நேரே கொல்லைக் குழாயடிக்குப் போய் வலதுகையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா பின்னாலேயே போனார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். அந்த அம்மா நம்பினாளா என்று மட்டும் கேட்டார். இலை போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்த பிறகு நம்பினாள் என்றாள் அத்தை, நிமிராமல். பெரியப்பா வாளியிலிருந்து மொண்டு அவள் கையில் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அது என்ன வாசனை என்று நான் கேட்டேன்.

"சமுத்திர வாசனைடா" என்றார்.

சமுத்திரத்துக்குப் புளியும் மிளகாயும் தாளித்த வெந்தயமும் எப்படி மணக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.