பெருங்காய டப்பாவின் பின்பக்கம்

2005-ல் என் ஐந்து வயது மகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. எங்கள் மரக்காணத்து உப்புக் காற்றுதான் காரணம் என்று நான் மனதார நம்பினேன். உப்பளம் குத்தகைக்கு எடுத்துப் பிழைக்கிறவன் நம்பக்கூடிய விஷயமா அது? ஆனாலும் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தோம்.

புதுச்சேரி டாக்டர் பரிசோதனைகள் செய்து, சீலியாக் நோய் என்றார். கோதுமை, மைதா, ரவை எதுவும் அவள் குடலுக்கு ஆகாது. மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம். வயிறு சரியில்லாத பிள்ளை என்று அதுவரை பன்னும் ரஸ்க்குமாக வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

எல்லாவற்றையும் நிறுத்தினோம். மூன்று மாதமாகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை ஏறவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குத் தங்கை போல நின்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் காற்றின் மேல் பழியைப் போட்டு, கடற்காற்று எட்டாத பிரம்மதேசத்தில் இருக்கும் மச்சான் வீட்டுப் பக்கம் குடிபோக முடிவெடுத்தேன். சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு, கூனிமேட்டில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் துபாயில் இருந்ததால் அவர் மனைவிதான் கடையைப் பார்த்துக்கொண்டார்.

“பெட்டி எதுக்குண்ணே?”

சொன்னேன். சட்டைப்பையில் தாயத்து மாதிரி வைத்திருந்த டாக்டர் சீட்டையும் நீட்டினேன்.

“இதுல காத்துன்னு எங்கண்ணே எழுதியிருக்குது? புள்ளைக்கு என்ன குடுக்குறீங்க?”

“வெறும் ரசம் சோறும்மா. வயித்துக்கு நல்லதுன்னு பெருங்காயத்த மட்டும் தூக்கலா போடச் சொல்லியிருக்கேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாங்கள் வாங்கும் பெருங்காய டப்பாவை எடுத்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“மைதா கலந்திருக்குதுண்ணே. மாசம் ரெண்டு டப்பா வாங்கிட்டுப் போய்ட்டு, காத்து மேல கேஸ் போடுறீங்களா?”

சிரித்து வைத்தேன். டாக்டரிடம் கேட்டபோது, அந்தத் துளி மைதாவே அவள் குடலைக் கெடுக்கப் போதும் என்றார்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. என் மகளுக்கான அரிசி மாவைத் தனி டின்னில் மூடி வைத்தார். மைதா அள்ளும் கரண்டி அதன் பக்கமே போகாது. ஒருநாள் யாரோ அவசரமாக அதிலிருந்து மாவு கேட்டபோது, “அது ஒரு புள்ளைக்கு வச்சதுங்க, உங்களுக்கு வேற தர்றேன்” என்றார். டாக்டர் சீட்டை என்னைவிட ஒழுங்காகப் படித்தவர் அவர்தான்.

குடிபோகவில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். பெருங்காயத்தை நிறுத்திய நாலாவது வாரம் வயிற்றுப்போக்கு நின்றது. அடுத்த வருடத்துக்குள் என் மகள் மூன்று கிலோ ஏறியிருந்தாள்.