குழாய்க்குள் படுத்துத் திட்டியது

கொல்லிமலை பஸ்ஸில் வாந்தி எடுப்பதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. எழுபது வளைவு. எடுக்காதவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போதெல்லாம் எனக்குத் தலைவலியும் வாந்தியும் வந்ததை, ஒரு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஒருநாள் பஸ் கிளம்பும் முன்பே எடுத்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது.

சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் கட்டி, அதுவும் எலுமிச்சை அளவில். பேச்சுக்கான இடம் அதை ஒட்டி இருக்கலாம், எங்கே என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"ஆபரேசன் பண்ணுனா பேச்சுப் போயிருமுங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பயத்தில் கேட்கிறாரா, ஆசையில் கேட்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். என் வாய்க்கு ஊரில் அப்படி ஒரு பேர். ஆனால் நான் நிஜமாகவே பயந்தேன். எங்கள் மிளகை வாங்க வரும் வியாபாரியிடம் வாயில்லாமல் எப்படிப் பிழைப்பது?

அந்த ஸ்கேனுக்குக் குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் படமாகக் காட்டினார்கள். பார்த்ததும் தோன்றுவதை மனசுக்குள் சொல்ல வேண்டும், உதடு அசையக் கூடாது. மெஷின் காதுக்குள் தடதடத்தது. மூன்றாவது படத்திலேயே சலித்துப்போய் வீட்டுக்காரரை மனசுக்குள் திட்ட ஆரம்பித்தேன். சட்டி வந்தது: கழுவாமல் போட்ட சட்டி. ஆடு வந்தது: கட்டாமல் விட்டு மரவள்ளியை மேய வைத்த ஆடு. வெளியே என்றால் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். இங்கே யாருக்குக் கேட்கப்போகிறது? 'டா' போட்டேன்.

பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். பேச்சு நடந்த இடம் செக்கச்செவேல் என்றிருந்தது. கட்டிக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனாலும் ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சுப் பேசுனாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ஆபரேசன் முடிந்து கண் விழித்தேன். டாக்டரம்மா வீட்டுக்காரரைக் காட்டி, "இவரு யாரு?" என்றார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. கொஞ்சம் விளையாடலாமே என்று பேசாமல் முழித்தேன். புத்தி கெட்டவள் நான். அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு விம்ம ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஏனுங்க, ஆட்டக் கட்டிட்டுத்தான வந்தீங்க?" என்றேன்.

அவர் துண்டை எடுத்தார்.

"கட்டலயே. திட்டு கண்ணு, நல்லாத் திட்டு."