தொட்டுப் பார்க்கும் சந்தேகம்

வடசேரியில் ஒரு சிறுநீரக மருத்துவரின் காத்திருப்பு அறையில் அவரைப் பார்த்தேன். கொரோனாவுக்கு முந்தைய காலம். முகமூடி போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். நெரிசல் பஸ்ஸில் பர்சைக் காப்பவர் போல அடிவயிற்றைக் கையால் பொத்தியே இருந்தார். எதையோ ஒளிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

“அண்ணாச்சி, வயிறு வலிக்கா?”

“வலியில்ல. இந்த அடிவயித்துல வச்சிருக்கது தம்பி தந்த கிட்னியாக்கும். நம்ம ரத்தத்துல காவல் நிக்கிற செல்லு கேள்விப்பட்டத நம்பாது, பாத்துக்கிடும். ஒரு செல்லு கிட்னியிலேருந்து துணுக்கு கொண்டுவந்து காட்டும். மத்தது அத ஒட்டிப் பிடிச்சு, தொட்டுப் பாக்கும். அந்நியமுன்னு தெரிஞ்சா சண்டைதான்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். “தொட்டாலும் சேதி உள்ள எட்டாம இது தடுத்திரும். காவல் தளந்துட்டதால, நோய் தொத்தாம இருக்க முகமூடி, கொதிச்ச தண்ணி எல்லாம் வேணும்.”

அதற்குள் அவருடைய தம்பி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். “நானே கொதிக்க வச்சு ஆத்துனது, அண்ணே.”

வாங்கி மோந்து பார்த்தார். தம்பி அந்தப் பக்கம் போனதும் அதை ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டியில் கொட்டினார். தன் பையிலிருந்த வேறு பாட்டிலைத் திறந்து மாத்திரையை விழுங்கினார்.

அவர்கள் வீட்டு விவகாரம் எனக்குத் தெரியாது. தம்பியின் கிட்னி ஆகும், தண்ணீர் ஆகாதா? அந்தச் சந்தேகத்துக்கு அவரிடம் மாத்திரை இருந்ததாகத் தெரியவில்லை.