மரகதம் அக்கா நடத்திய வழக்கு

மரகதம் அக்கா இறந்த செய்தி, பட்டுக்கோட்டைப் பேருந்தில் இருக்கும்போது எனக்கு வந்தது. போனில் அவருடைய மகள் செல்வி அழவில்லை. "மாமா, அம்மா காலையில போயிட்டாங்க. வர்ற வாய்தாவுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள். தாயை இழந்த அன்று ஒரு பெண் கேட்கிற கேள்வியா அது? அவளை அப்படிக் கேட்க வைத்தவர்கள்மேல் முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

இழப்பீட்டு அலுவலகத்தின் வராந்தாவில் காத்திருந்த நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். ஓடிக்கொண்டிருந்த பெல்ட் இழுத்து, வலது கை முழங்கையோடு போயிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நெல் குடோனில் மூட்டை அடுக்கு சரிந்து என் கால் நசுங்கியது. எங்கள் இருவர் வழக்கும் ஒரே அலுவலகத்தில் நடந்தது.

ஆலை முதலாளி, "இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், அவங்களைக் கேளுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலோ, அக்கா அந்த ஆலையில் வேலை பார்த்ததற்கே ஆதாரம் இல்லை என்றார். "அப்ப என் கை மட்டும் தனியா நடந்துபோயி பெல்ட்டுல விழுந்துச்சாங்க?" என்று அக்கா கேட்டார். வராந்தாவில் இருந்த நாங்கள் சிரித்தோம். வக்கீலும் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு வாய்தா வாங்கிக்கொண்டார்.

பிறகு கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். இடது கையால் தலை சீவச் சொன்னார், தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொன்னார். அக்கா செய்து காட்டினார். தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார் என்று டாக்டர் எழுதியதில், தாளில் அவருடைய ஊனம் பாதியாகக் குறைந்துவிட்டது. "அழுது அழுது பழகினேன் தம்பி. பழகினதுக்குத்தான் இப்ப பணத்துல வெட்டு" என்றார் வெளியே வந்து.

விசாரிக்கும் அதிகாரிகள் மாற்றலாகிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்தவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டார். ஆட்சி மாறியது, சுவரில் தலைவர் படம் மாறியது. உழைப்பாளிகளுக்காக மேடையில் தொண்டை கிழியப் பேசியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆனால் கம்பெனி ஏன் இழுத்தடிக்கிறது என்று கேட்க வேண்டிய அரசாங்கம், அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பியதோடு சரி.

அக்காவின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலிப் போராட்டத்தில் அறுவடை வயலில் மறியல் செய்து சிறைக்குப் போனவர். அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அக்கா அந்த மறியலைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் விசாரணை மறுபடியும் தள்ளிப்போனபோது சொன்னார்: "அன்னைக்கி மிராசுதாரு வரப்புல நின்னாரு. ஏசினாலும் மூஞ்சிக்கு நேரா ஏசினாரு. எங்கப்பாவும் மூஞ்சிக்கு நேராத்தான் கேட்டாரு, கூலி கூடுச்சு. இங்க யாரு மூஞ்சியப் பாத்துக் கேக்குறது?"

ஒருவழியாக உத்தரவு அவருக்குச் சாதகமாக வந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தார். கம்பெனி மேல்முறையீடு செய்தது. அது விசாரணைக்கு வரும் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். அலுவலகத்தில் விவரம் சொல்லப் போன செல்வியிடம், "வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார்கள். அவள் இப்போது தாலுகா அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. என் முதல் விசாரணையில் ஊன்றுகோலைப் பிடித்தபடி, முதுகை வளைத்து, அதிகாரி முன் நின்றுகொண்டே பேசினேன். வாசலில் இருந்த அக்கா ஒற்றைக் கையால் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து என் பின்னால் போட்டார். "உக்காந்து பேசுங்க தம்பி. நாம யாசகத்துக்கு வரல." அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

என் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எந்த மேசைக்கு முன்னாலும் நான் உட்கார்ந்துதான் பேசுகிறேன்.