'இருங்க' என்று ஒரு சொல்

பல் டாக்டர் செய்யும் தப்பை நோயாளிதான் வாயில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் நிம்மதி கிடையாது. நாலு பேரை வேலைக்கு வைத்து ஓர் இடத்தை நடத்தும் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். வில்லியனூரில் என் கிளினிக். இரண்டு நாற்காலி. நான், என்னிடம் வேலை பார்க்கும் டாக்டர் கார்த்திக், உதவியாளர் ஆரோக்கியமேரி. அவ்வளவுதான்.

வேறு பல்

மீன் விற்கும் அம்மா ஒருத்தி வந்தாள். கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் சொத்தை. வலப் பக்கத்துப் பல்லை அடைத்துக் காப்பாற்றலாம். இடப் பக்கத்துப் பல்லை எடுத்தாக வேண்டும். சீட்டில் 'கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கவும்' என்று எழுதினேன். அவசரத்தில் பக்கம் எழுதவில்லை. கார்த்திக் வலப் பக்கத்தை எடுத்துவிட்டான். பல் இரண்டாக உடைந்து வந்திருந்தது. திரும்ப வைக்கவும் வழியில்லை.

என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். முகத்தில் ரத்தமே இல்லை. "ரெண்டுமே சொத்தை சார். அதையும் எடுத்துட்டா அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது" என்றான். நான் நேரே நாற்காலிக்குப் போய், எடுக்க வேண்டியது வேறு பல், தப்பு எங்களுடையது என்று சொன்னேன். அந்தம்மா கடித்திருந்த பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தாள். என்னையே பார்த்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தப்புன்னு நீயே ஒத்துக்கினியே, அது போதும், வலிக்கிற பல்லு இன்னும் உள்ளதான் கீது, அத நீ எடு, அந்தத் தம்பி கையில குடுக்காத!"

பார்த்துக்கொண்டிருந்தவள்

கார்த்திக்கை அனுப்பிவிடுங்கள் என்றார்கள் தெரிந்தவர்கள். அனுப்பவில்லை. சீட்டை அரைகுறையாக எழுதியவன் நான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அன்று கார்த்திக்கிடம் பல் பிடுங்கும் குறடை எடுத்துக் கொடுத்தவள் மேரி. பதினோரு வருஷமாக என்னோடு இருப்பவள். காலையில் நான் அந்தம்மாவைப் பார்த்தபோதும் பக்கத்தில்தான் நின்றாள். எந்தப் பல் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. கூப்பிட்டுக் கேட்டேன். தெரியும் என்றாள். "அப்புறம் ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

"போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு சொன்னேன் சார், 'உன் வேலையைப் பாரு'ன்னீங்க, அன்னையிலேருந்து என் வேலையைத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

குறடு நின்றது

மறுநாளே விதி போட்டேன். சீட்டில் பக்கம் இருக்க வேண்டும். நோயாளி தன் விரலால் பல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் 'இருங்க' என்று சொல்லலாம். சொன்னால் டாக்டர் கை நிற்க வேண்டும். சொன்னவரைத் திட்டக் கூடாது. விதி போடுவது சுலபம்.

மண்ணாடிப்பட்டிலிருந்து கரும்புக்காரர் ஒருவர் வந்தார். ஊரில் செல்வாக்கு. பல்லைத் தொட்டுக் காட்டச் சொன்னால், "நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று முறைத்தார். நானும் வற்புறுத்தவில்லை. குறடு பல்லைப் பிடித்த நேரம், "இருங்க சார்" என்றாள் மேரி.

நின்றேன். எக்ஸ்ரேயைப் பார்த்தேன். சரியான பல்தான். மேரி எக்ஸ்ரேயைத் திருப்பிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். 'உன் வேலையைப் பாரு' என்ற பழைய வசனம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கார்த்திக் தன் நோயாளியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் இப்போது சீறினால் விதி அன்றோடு செத்தது. அடுத்த தப்பையும் எல்லோரும் வாய் மூடிப் பார்ப்பார்கள். விழுங்கினேன். "கேட்டது நல்லது மேரி" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கரும்புக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா டாக்டரே, இங்க நீ டாக்டரா, அந்தப் பொண்ணு டாக்டரா?"

சட்டைப் பை

பத்து நாள் கழித்து ஒதியம்பட்டுக்காரர் ஒருவர். ஐம்பது வயது. வேறு வியாதி, மாத்திரை உண்டா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். மரத்துப் போக ஊசி போட்டாயிற்று. குறடு என் கையில். "இருங்க சார்."

மறுபடியுமா என்றுதான் தோன்றியது. ஆனாலும் நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையை மேரி எடுத்து நீட்டினாள். ரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகளுக்குக் கொடுப்பது. ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பிடுங்கியிருந்தால், போகிற வழியில் பஸ்ஸில் ரத்தம் கொட்டியிருக்கும். நிறுத்தவும் ஆள் இருந்திருக்காது. ஏனய்யா சொல்லவில்லை என்றால், "பல்லு வலிக்கு வந்தேன், நெஞ்சப் பத்தி எதுக்கு சார் பேசணும்?" என்கிறார் மனிதர். இதய டாக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன்.

அவர் போன பிறகு, "போன தடவை தப்பாச்சே, திரும்பச் சொல்லப் பயமா இல்லையா?" என்று மேரியைக் கேட்டேன்.

"பயம்தான் சார், நீங்க திட்டுவீங்கன்னு இல்ல, இந்தத் தடவை நிக்க மாட்டீங்களோன்னு."

நாற்பது வருஷம் ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவனுக்கு, கூட நிற்பவர்களை வாய் திறக்கவிட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.