தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள்

எங்கள் வீட்டுப் பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. வெயில் காலம், குளிர்ச்சிக்காக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு வகை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். வனத்துறையில் முறையாகப் பதிவு செய்து, செங்கம் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துவந்தோம். தண்ணீர் மாற்றுவதற்காகக் கிண்ணத்தை எடுத்தால், அடியில் மிளகுத்தூள் கொட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒன்றை விரலில் ஒற்றி எடுத்தேன். அது நகர்ந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் பாம்பைத் தூக்கி, தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பைப் பார்த்தார். பிறகு கண்ணோரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இங்கதான் ஜாஸ்தி கீது பாரு. செதிலுக்குள்ள பூந்துக்கும்."

இத்தனை வருஷத்தில் எங்கள் பாம்புக்கு இப்படி வந்ததே இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

"அடி அண்ணாமலைல எங்கம்மா ஊட்ல மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து இருக்குது. எடுத்தாந்து தெளிச்சிடலாமா?"

"ஒண்ணும் தெளிக்க வேணாம். டாக்டர கேக்கலாம் இருங்க."

சென்னையில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். படம் அனுப்பி, மாட்டு மருந்தைப் பற்றியும் கேட்டதும் அவரே போன் செய்தார்.

"மாட்டு மருந்த மட்டும் கிட்ட கொண்டு போவாதீங்கம்மா. நரம்பு பாதிச்சு பாம்பு செத்துடும். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேணாம். தொட்டில இருக்கிற மரத்தூள், மரக்கட்டை எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டுட்டு வெறும் வெள்ள பேப்பர் விரிங்க. இந்த ரத்தம் குடிக்கிற பூச்சி பாம்பு மேல மட்டும் இருக்காது, மூலை இடுக்குல போயி முட்ட வெக்கும்." பாம்பின் எடையைக் கேட்டுக்கொண்டு ஒரு மருந்தைச் சொன்னார். துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், கண்ணிலும் வாயிலும் படக் கூடாது, அது காயும்வரை தண்ணீர் வைக்கக் கூடாது. கடைசியாக ஒன்று கேட்டார்: "புதுசா வேற பாம்பு எதுனா வாங்கினீங்களா?"

"இல்லையே டாக்டர்."

"இது தானா வராதும்மா. வேற பாம்பு மேல இருந்துதான் வரும். இல்லன்னா அந்தப் பாம்ப தொட்ட கை, துணி."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கணவர் தொட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டே, "அந்த மரக்கட்டைல வந்திருக்கும்" என்றார். அந்தக் கட்டையை நானே கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்திருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

அன்று மாலை பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில், தலை வெளியே இருக்கும் ஆழத்தில், விட்டு உட்கார்ந்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். கை வேலை செய்தது. மனசு வேறு கணக்குப் போட்டது. இவர் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இன்வெர்ட்டர் மாட்டுகிறவர். கொஞ்ச நாளாக வேலை முடிந்து வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போகிறார். சட்டையைத் தனியாக ஊறப்போடுகிறார். யாராவது காட்டில் பாம்பு பிடிக்கிறார்களா, இவர் அதற்குத் துணை போகிறாரா? நம் ஊர்ப் பாம்பை வைத்திருப்பது குற்றம். வனத்துறை வந்தால் எங்களுடையதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயந்தேன்.

வாரம் ஒன்று போனது. வெள்ளைக் காகிதத்தில் புள்ளிகள் குறைந்தன, மறுபடி கூடின. முட்டை பொரிந்ததாக இருக்கலாம் என்றார் மருத்துவர். எனக்கு அது போதவில்லை. கணவர் குளிக்கப் போனபோது, அவருடைய டூல்ஸ் பையின் உள்பக்கத்தை ஈரமான டிஷ்யூ பேப்பரால் துடைத்தேன். ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தால் அழுத்தினேன். ரத்தம்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் காகிதத்தை நீட்டினேன். "எங்க இருக்குது அந்தப் பாம்பு?"

துண்டைக் கொடியில் போட்டார். "வா, காட்டுறேன்" என்றார்.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதி. மாடி அறையில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் மாதக்கணக்கில் தங்கியிருந்தாராம். தியானம் செய்ய வந்தவர், ஒரு வாரத்தில் வருகிறேன் என்று அறையைப் பூட்டாமலே போனவர், திரும்பவில்லை. இன்வெர்ட்டர் மாட்டப் போன இடத்தில், கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் பெட்டியில் பாம்பைப் பார்த்திருக்கிறார் என் கணவர். எங்களுடையதைப் போலவே ஒன்று. காய்ந்து, விலா தெரிய, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையமாகப் பூச்சி.

"இன்னொரு பாம்புனு பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருந்த. இதுக்குப் பேப்பரும் கெடையாது. விட்டுட்டு வரவும் மனசு வரல. அப்பப்ப போயி தண்ணி மட்டும் வெச்சிட்டு வந்தேன்."

"வெச்சிட்டு வந்தீங்களா, தூக்கி வெச்சிக்கினீங்களா?"

அவர் குனிந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பெட்டிக்குள் பார்த்த பிறகு அது நிலைக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அங்கேயே அதைத் தண்ணீரில் விட்டோம். மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி வனத்துறைக்கு நானே போன் செய்தேன். வந்த அதிகாரி எங்களை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பதிவைக் காட்டச் சொன்னார். பிறகு பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார். உயிரியல் பூங்காவில் தனியாக வைத்து மருந்து கொடுப்பதாகப் பின்னால் தெரிந்தது.

எங்கள் பாம்பு அடுத்த சட்டையை முழுசாக உரித்தது. காகிதத்தில் புள்ளி விழாத நாட்கள் தொடர்ந்தன, இரை எடுத்தது. இப்போது அதைத் தொடும் முன் இருவரும் உடை மாற்றிக்கொள்கிறோம்.

மழை தொடங்கியபோது அந்த பெங்களூர்க்காரர் திரும்பி வந்தார். விடுதிக்காரர் சொல்லி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னோம். அவர் எங்கள் தோளுக்குப் பின்னால், அறைக்குள் தெரிந்த கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னோடதுதானே?" என்றார்.

பதிவுத் தாளை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நம்பினதாகத் தெரியவில்லை. கேட்டைத் தாண்டிப் போகும்போதும் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.