துண்டு தாங்கிய இடுப்பு

முதலில் மரத்தது இடது கால்தான். மழை பெய்த மறுநாள், குளத்தூர் பக்கம் ஒரு வண்டிப்பாதை. கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பி, சைக்கிள் நின்றுவிட்டது. பின்னால் புதியம்புத்தூரில் எடுத்த நைட்டிப் பொதி. அதை இறக்காமல் அப்படியே தூக்கித் திருப்பினேன். இடுப்பில் சுருக்கென்றது. சாயங்காலம் காலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஊர் ஊராகத் துணி விற்கிறேன். ஓரிடத்தில் மூன்று நாள் இருக்கப் பிடிக்காது. சைக்கிள் இல்லாமல் எனக்குப் பிழைப்பும் இல்லை, போக்கிடமும் இல்லை.

கோவில்பட்டியில் அக்கா வீட்டில் படுத்தேன். "ஏலே, உன்னை ஒரு இடத்துல கிடத்திட்டுல்லா! அந்த முதுகுக்குப் பொங்கல் வைக்கணும்" என்றாள். சிரித்தால் வலித்தது.

ஸ்கேன் பார்த்த மருத்துவர், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், பயிற்சி செய்து பார்ப்போம் என்றார். சைக்கிள் மிதிக்கலாமா என்று கேட்டேன். பயிற்சிக்குச் சீட்டு எழுதினார்.

பயிற்சி தந்த பெண் என் இடுப்பைப் பார்த்தார். பாரம் ஏற்றுகிறவர்களைப் போல நானும் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தேன்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"பலத்துக்கு."

"துண்டு வேலை பாக்குது. வயிறு சும்மா உக்காந்து சாப்பிடுது."

மையத் தசைகள் (வயிறு, இடுப்பு, கீழ்முதுகைச் சுற்றி உடம்பைத் தாங்குபவை) பற்றி அவர் சொன்னார். மிதிக்கும் காலுக்கு அசையாத இடுப்பு வேண்டும். அது தொய்ந்தால் பாரம் முதுகுக்குப் போகும். குனிந்து குடம் எடுப்பதும் அப்படித்தான்.

மல்லாந்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி நிறுத்த வேண்டும். முதல் நாள் மூன்று மூச்சுக்குமேல் முடியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். கேலி செய்யவில்லை.

வீட்டில் யாரும் பார்க்காதபோது துண்டைக் கட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் வீணானது. இதே வலியில் கிடப்பவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

நான்காம் மாதம் மருத்துவர் பாதிப் பாரத்துக்குச் சம்மதித்தார். அதே பாதையில் மறுபடி மண் அப்பியது. பொதியை இறக்கிவைத்துவிட்டுக் குச்சியால் நோண்டினேன்.

ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தவர் நின்றார். "என்ன அண்ணாச்சி, முன்ன ஒரே தூக்குல்லா தூக்குவீய?"

"அதுக்குத்தான் நாலு மாசம் படுத்துக் கிடந்தேன்."

முன்பு ஒவ்வொரு நாளையும் எத்தனை ஊர் போனேன் என்று அளப்பேன். இப்போது மூச்சால் அளக்கிறேன். வயிற்றை இறுக்கி, ஒரு மூச்சை வெளியே விட்டுக்கொண்டே சைக்கிளைத் தூக்கினேன். இடது பாதத்துக்குக் கீழே ஈரமண் குளிர்ந்தது தெரிந்தது. ஆடுகள் என்னைக் கடந்து போகட்டும் என்று நின்றேன். வெயிலுக்குத் துண்டு தலையில் இருந்தது.